முதல் லோடு

என் இடது கை தோளுக்கு மேல் ஏறாது. சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்க வேண்டும். மறந்துபோய் வலது கையை நுழைத்துவிட்டால், என் மனைவி வந்து கழற்றி மறுபடி மாட்டிவிட வேண்டும். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, இரும்புக் குழாயால் அடித்த அடி அது. அவன் ஓங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விலகியிருக்கலாம். விலகியிருந்தால் அந்த அடி என் டேங்கர் லாரியின் வால்வில் விழுந்து, ஒரு லோடு நல்ல தண்ணீரும் தார் ரோட்டில் ஓடியிருக்கும். அதனால் தோளைக் கொடுத்தேன். கும்மிடிப்பூண்டியில் வேறு எவன் இப்படிச் செய்திருக்கிறான் என்று விசாரித்துப் பாருங்கள். ஒருத்தனும் இல்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டவே போய்விட்டது. ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் நைனா கூலிக்காரர். அவர் எனக்கு விட்டுப்போனது உயரமும் கோபமும்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து, இரும்பைக் காய்ச்சிக் கம்பி இழுக்கிற மில்லில் சேர்ந்தேன். சிவக்கக் காய்ந்த கம்பி உருளைக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வரும். அதன் தலையை இடுக்கியால் கவ்வி, அப்படியே உடம்பைத் திருப்பி, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அங்கே கால் போனவன் உண்டு, கண் போனவன் உண்டு. எனக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போனது. துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்டை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எனக்கு எதிரே இடுக்கி பிடித்தவன் ஒரிசாக்காரன். அவன் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவனுக்குப் புரியாது. கெட்ட வார்த்தை மட்டும் இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையிலும் தெரியும். சித்திரை வெயில் ஒரு பக்கம், உலை ஒரு பக்கம். ஒரு மத்தியானம் என் நாக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் அதைப் பார்த்துவிட்டு, தரையில் வைத்திருந்த தன் சொம்பைக் காலால் என் பக்கம் தள்ளினான். எடுக்கக் குனிந்தேன். அந்த நேரத்தில் உருளையில் சிக்கிய கம்பி எகிறிச் சுழன்று, என் கழுத்து இருந்த இடத்தின் வழியாகப் போய் அவன் வயிற்றில் இறங்கியது. கறி தீய்ந்த வாசனை வந்தது. கத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. நான் நிமிர்ந்தபோது சொம்பு என் கையில் இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. குடித்தேன்.

அதுவரைக்கும் என் மனைவிக்காகச் சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவன், அந்த ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்றேன். என்னை எதற்கு மிச்சம் வைத்தாய் என்று கேட்டேன். பதில் உடனே வரவில்லை. சில வருஷம் கழித்து, மில் வேலையை விட்டு நான் வாங்கிப்போட்ட கல்லாங்காட்டில் போர் போட்டபோதுதான் வந்தது. அந்த வட்டாரத்தில் போர் போட்டவன் எல்லோருக்கும் உப்புத் தண்ணீர். எனக்கு மட்டும் இளநீர் மாதிரி. கர்த்தர் காட்டிய இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜோசியக்காரனும் இன்ஜினியரும் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் குச்சியை நட்டவன் நான்.

டேங்கர் வாங்கினேன். டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ லோடு ஓடியது. எங்கள் சபையில் முதற்பலன் என்ற வழக்கம் உண்டு. புதிதாக முட்டையிடுகிற கோழியின் முதல் முட்டை ஆராதனைக்கு வந்துவிடும். முருங்கை காய்த்தால் முதல் காய், வேலைக்குப் போனால் முதல் சம்பளம். நான் எழுந்து நின்று சொன்னேன், தினமும் என் போரிலிருந்து ஏறுகிற முதல் லோடு கர்த்தருக்கு என்று. அப்போது இருந்த பாஸ்டர், "சந்தோஷம்ண்ணே, சபைத் தொட்டியில ஊத்திடுங்க" என்றார். "கர்த்தருக்குத் தாகம் எடுக்காது பாஸ்டர். மில்லுக்குப் பின்னாடி லைன் ஊட்ல கீற ஜனத்துக்கு எடுக்கும்" என்றேன்.

லைன் வீடு என்றால் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. ஒரு கதவு, ஒரு குடும்பம், அடுத்த கதவு, அடுத்த குடும்பம். எல்லோரும் ஒரிசாவும் பீகாரும். குழாய் கிடையாது. நான் போவதற்கு முன்னால் மில்லின் கூலிங் தொட்டித் தண்ணீரைத்தான் எண்ணெயை விலக்கிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொம்பு கொடுத்தவனும் அந்த லைனில் இருந்தவன்தான். விடிகிற நேரத்துக்கு என் முதல் லோடு அங்கே போகும். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை.

எங்கள் தெருக்காரர்கள் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பாராட்டவே செய்தார்கள். எதற்கு என்று பின்னால்தான் தெரிந்தது. ராத்திரியெல்லாம் சும்மா கிடந்த போரில் காலையில் முதலில் ஏறுகிற தண்ணீர் கலங்கலாக இருக்கும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். கலங்கலை வடக்கத்திக்காரன் தலையில் கொட்டிவிட்டு, தெளிந்ததை ஊருக்குத் தருகிற கெட்டிக்காரன் என்று எனக்குப் பேர். என் மச்சானும் அப்படித்தான் நம்பியிருந்தான்.

தொடர்ந்து மழை பொய்த்த கோடையில் என் போர் இறங்கியது. ஐந்து லோடு மூன்றாகி, மூன்று இரண்டாகி, ஒரு காலையில் மோட்டார் காற்றைக் குடித்துக் கத்தியது. நிறுத்திவிட்டு, போர்த் தண்ணீர் விழுகிற தொட்டியை எட்டிப் பார்த்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு லோடுதான் ஊறிக் கீது" என்றாள்.

"அப்ப அதான் மொத லோடு."

"யோவ், கடைசியும் அதான்யா!"

நான் லாரியை லைனுக்கு ஓட்டினேன். மறுநாளும் ஒரு லோடு. அதற்கு மறுநாளும் ஒரு லோடு. எல்லாம் லைனுக்கே போனது. என் வீட்டுக்கு நான் ஒரு குடம் எடுக்கவில்லை. பஞ்சாயத்துக் குழாயில் வந்த உப்புத் தண்ணீரைத்தான் குடித்தோம். டீ போட்டால் பால் திரிந்துவிடும். என்னிடம் தண்ணீர் வாங்கிய ஓட்டல்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். டீசலுக்கு ஆடுகளை விற்றேன். தினமும் விடிகிற நேரத்தில் தொட்டி ஓரத்தில் நின்று ஜெபம் பண்ணுவேன். என் ஜெபம் நீளமாக இருக்காது. "குடுத்த வார்த்தையக் காப்பாத்திக் குடு" என்பேன், அவ்வளவுதான். அப்புறம் மூடியைத் திறந்து பார்ப்பேன். ஒரு லோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு குடம் இருக்காது. குறைந்ததும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சானின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து பெண் குழந்தை பெற்றாள். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. குழந்தையை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக் கழுத்தும் தொடை இடுக்கும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. கேன் தண்ணீர் வண்டியும் வருவதை நிறுத்தியிருந்தது. மச்சான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சபையில் பாட்டு ஆரம்பித்தால் அவன் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். ஒரு நாள் வந்து, லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா, பச்ச ஒடம்புக்காரி கீறா. தெனம் ரெண்டு கொடம் எடுத்து வெச்சிட்டுப் போ. மீதிய எவனுக்கு வேணா ஊத்து."

"கர்த்தருக்குன்னு வெச்சதுல என் சொந்தத்துக்கு எடுக்க மாட்டேன் மச்சான். லைனுக்கு வா. வரிசையில நில்லு. அவங்க குடுத்தா வாங்கிக்கோ. நான் தடுக்கல."

"இன்னாது? வடக்கத்தியான் கிட்ட போயி நான் கொடத்தத் தூக்கிக்கினு நிக்கணுமா?"

"அவன் இத்தினி வருசமா நம்ம கிட்ட நிக்கறானே."

அவன் லாரிக் கதவில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக்கு வெளியே ஷாமியானா நிழலில் பஞ்சாயத்து கூடியது. மச்சான் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டான். இவர் புதியவர், சின்ன வயசு.

"பாஸ்டர், நீங்களே சொல்லுங்க. மொதப் பலன்னா இன்னா? அறுத்ததுல மொதக் கட்டு. மொத்த வயலையும் எவனாவது தூக்கிக் குடுப்பானா?"

"அது வந்து... அவங்கவங்க மனசைப் பொறுத்தது தம்பி" என்றார் பாஸ்டர்.

"வயல்ல ஒரே ஒரு கட்டுதான் வெளைஞ்சுதுன்னா மொதக் கட்டு எதுடா மச்சான்?" என்று நான் கேட்டேன்.

"அது வெதைக்கு மாமா! வெதைக்கு எடுத்து வெக்கணும். விவசாயம் பண்றவனுக்குத் தெரியும். மூணாங் கிளாசுக்கு இன்னா தெரியும்?"

சனங்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், "ஏம்பா, அந்தக் கலங்கத் தண்ணியத்தானே அவங்களுக்கு ஊத்திக்கினு இருந்தே? இப்ப நல்ல தண்ணிய ஏன் ஊத்தற?" என்று கேட்டார். அப்போதுதான் ஊரின் நினைப்பு எனக்கு விளங்கியது.

"என்னிக்குய்யா கலங்கல் வந்துது? மொத லோடுதான்யா என் போர்ல இருக்கறதுலயே நல்ல லோடு" என்று கத்தினேன்.

அதோடு சிரிப்பு நின்றது. இத்தனை வருஷமும் நல்லதை அங்கே கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தங்களுக்கு விற்றிருக்கிறேன் என்று அவர்களுக்குப் பட்டது. மச்சான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி என் மேல் எறிந்தான். அதைப் பிடித்து, அதே நாற்காலியால் அவன் முதுகில் இரண்டு வைத்தேன். கால் உடைந்தது, நாற்காலியின் கால்தான். பாஸ்டர் நடுவில் வந்து கண்ணாடியை இழந்தார்.

மறுநாள் காலையில் பொன்னேரி ரோட்டிலிருந்து லைனுக்குத் திரும்புகிற முனையில் மச்சானின் ஆட்டோ குறுக்கே நின்றது. அதன் பின்னால் எங்கள் தெருவே குடத்தோடு நின்றது. நான் பிரேக் போட்டு இறங்குவதற்குள் எவனோ பின்னால் போய் வால்வைத் திறந்துவிட்டான்.

அடைபட்டுக் கிடந்த தண்ணீர் வெளியே வந்த வேகத்தில் முதலில் நின்ற கிழவியைத் தூக்கி எறிந்தது. அவள் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு மற்றவர்கள் குடத்தை நீட்டினார்கள். பிளாஸ்டிக் குடத்தால் மண்டையில் அடித்தால் அப்படி வலிக்காது என்று நினைக்காதீர்கள். அதன் விளிம்பு நெற்றியைக் கிழித்துவிடும். அக்கா தங்கை மாதிரி பழகின இரண்டு பொம்பளைகள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உருண்டார்கள். நிரம்பின குடத்தை ஒருத்தன் பிடுங்க, இன்னொருத்தன் அவன் விரலைக் கடித்தான். நிரம்பினதை விடக் கொட்டினதுதான் அதிகம். நான் உள்ளே புகுந்தேன். வால்வைப் பிடித்திருந்தவனின் தாடையில் ஒன்று விட்டேன். பல் ஒன்று தெறித்து அவன் குடத்துக்குள்ளேயே விழுந்தது. இன்னொருத்தனை இடுப்போடு தூக்கிப் பள்ளத்தில் போட்டேன். அந்த வயதிலும் எனக்கு ஒரு ஆளைத் தூக்குவது சிமெண்டு மூட்டையைத் தூக்குவது போலத்தான். வால்வை மூடினபோது பாதி லோடு போயிருந்தது. மீதிப் பாதியை லைனுக்குக் கொண்டுபோனேன்.

அங்கே வரிசையில் முதல் ஆளாக எப்போதும் ஒரு ஒரிசாக்காரப் பெண் நிற்பாள். வரிசையை ஒழுங்குபடுத்துவது அவள்தான். அவள் பேச்சுக்கு ஆண்களே பயப்படுவார்கள். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, எங்களுக்கு எதுக்கு நீ அடி வாங்குது? உங்க ஆளுக்குக் குடு."

மனதில் இருந்ததை அவளுக்குச் சொன்னேன். இடுக்கி, கம்பி, அந்தச் சொம்பு, என் சபையின் முதல் முட்டை வரைக்கும் எல்லாவற்றையும் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். "மொதல்ல வர்றது நம்மளுது கெடையாதும்மா. இல்லாதவனுது" என்றேன். ஊரில் ஒரு பச்சைக் குழந்தைக்குத் தோல் உரிவதையும், அதன் தாத்தன் உங்களிடம் கேட்க மாட்டேன் என்று நிற்பதையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் என் மனைவி மோட்டார் கொட்டகைச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தன் பல்லு. நாளைக்கு எந்தம்பி உசுரா?" என்று கேட்டு என் மார்பில் குத்தினாள். "அந்தக் கொழந்த கத்தறது உனக்குக் கேக்கலியா? உன் வார்த்தைக்கு நீ பெரிய மனுசன், அது சாவணுமா?"

"வார்த்தையக் குடுத்தது கர்த்தர் கிட்டடி."

"அவர் ஒண்ணும் உன்ன மாதிரி முரடு இல்ல!"

காலையில் நான் கேட்காமலே சாவியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று அதே முனையில் எனக்கு முன்னால் இரண்டு கூட்டம் நின்றது. ஒரு பக்கம் மச்சானும் தெருப் பையன்களும், கையில் இரும்புக் குழாய். இன்னொரு பக்கம் லைன் ஆண்கள், நைட் ஷிப்டு முடிந்து அப்படியே வந்தவர்கள், கையில் மில்லின் கொக்கிக் கம்பி. பாதி லோடுதான் வந்தது என்று கேள்விப்பட்டு எனக்குக் காவலாக வந்திருக்கிறார்கள். அந்தக் கொக்கியைப் பிடிக்கிற கை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்; நானும் பிடித்தவன். அவர்கள் ஓங்கினால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிணம். அதற்கப்புறம் ஊரே திரண்டு லைனைக் கொளுத்தும். ஒரு லோடு தண்ணீரால் அந்தத் தீயை அணைக்க முடியாது.

லாரியிலிருந்து குதித்துப் பின்னால் ஓடி, வால்வை முதுகால் மறைத்து நின்றேன். கையை ஓங்கவில்லை. என் வாழ்க்கையில் சண்டை நடக்கிற இடத்தில் நான் கையை ஓங்காமல் நின்றது அன்று ஒரு நாள்தான்.

"நவுறு மாமா" என்றான் மச்சான்.

"அடிக்கணும்னா என்ன அடி. வால்வுல கைய வெக்காத."

"நவுறுன்னு சொல்லிக்கினு கீறன்ல!"

அடித்தான். தோளில் எலும்பு முறிகிற சத்தம் முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. மச்சானே பயந்துபோய்க் குழாயைக் கீழே போட்டுவிட்டான். ஆனால் லைன்காரர்கள் அதற்குள் பாய்ந்துவிட்டார்கள். முதல் கொக்கி அவன் முட்டியில் விழுந்தது, சரிந்தான். அடுத்தது அவன் தலைக்கு வருவதைப் பார்த்தேன். நான் யோசிக்கவில்லை. அவன் மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். எனக்காக வந்தவர்களின் அடி என் முதுகில் இரண்டு விழுந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு மூச்சோடு இருந்தேன். மில் உலை என் முதுகை அப்படித்தான் காய்ச்சிவைத்திருந்தது. என் அடியில் மச்சான், "மாமா, யோவ் மாமா, கொல்றாங்கடா" என்று அழுதுகொண்டிருந்தான்.

"மூட்றா வாய. மேல படுத்துக்கினு கீறது நான்" என்றேன்.

அப்போது அந்த ஒரிசாக்காரப் பெண் கத்திக்கொண்டு வந்தாள். அவள் பாஷையில் திட்டினதில் கெட்ட வார்த்தை மட்டும்தான் எனக்குப் புரிந்தது. ஆனால் திட்டு என்பது எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கையிலிருந்த காலி அலுமினியக் குடத்தால் தன் ஆட்களையே தோளிலும் முதுகிலும் அடித்தாள். அவர்கள் பின்வாங்கினார்கள். அவள் நேராக வால்வுக்குப் போய், அளவாகத் திறந்து, குடத்தை நிரப்பி, மூடினாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, குழந்தை வீடு எது?"

எனக்குப் புரியவில்லை.

"நீ சொன்னாய். மொதல் வர்றது நம்மளுது இல்ல. இது மொதல் குடம். குழந்தை வீடு எது?"

கையில் கம்பியோடு நின்ற இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் அவள் நடந்து எங்கள் தெருவுக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. தொங்குகிற தோளைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். மச்சான் நொண்டிக்கொண்டு எனக்கு முன்னால் போனான். அவள் அவன் வீட்டு வாசலில் குடத்தை இறக்கினாள். உள்ளே குழந்தை கத்திக்கொண்டிருந்தது. என் மனைவி கதவருகே நின்றாள்.

மச்சான் வந்தான். குடத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அடிபடாத காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். குடம் உருண்டு, தண்ணீர் முழுக்க மண்ணில் போனது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரு கையால் அவன் கழுத்தைப் பிடித்தேன். அந்தப் பெண் குனிந்து, காலிக் குடத்தை எடுத்து, அதன் நசுங்கலை உள்ளேயிருந்து முஷ்டியால் தட்டிச் சரிசெய்தாள்.

"நாளைக்கு வர்றேன்" என்றாள். போய்விட்டாள்.

என் மனைவி தன் தம்பியின் கன்னத்தில் விட்ட அறை தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் விட்டிருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் லாரியை நான்தான் ஓட்டினேன். கியர் போடுவதற்கு வலது கையைக் குறுக்கே நீட்டி, முழங்காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. முனையில் ஆட்டோ நின்றது, கூட்டமும் நின்றது, ஆனால் யாரும் குறுக்கே வரவில்லை. லைனுக்குப் போனதும் அவள் முதல் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு நடந்தாள். மச்சான் மறுபடி உதைத்தான். அவள் மறுபடி நசுங்கலைத் தட்டினாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அந்தக் குடம் அவள் வீட்டில் ஒரு நாளைக்குக் குடிக்க வைத்திருப்பது. அவளுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. மண்ணில் போன ஒவ்வொரு குடத்துக்கும் அவர்கள் அன்று முழுக்கப் பக்கத்து வீட்டுச் சொம்பில்தான் நாக்கை நனைத்தார்கள். இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை. அவன் மகளிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் காலை ஒரிசாக்காரப் பெண் வந்து குடத்தை இறக்கினாள். மச்சான் வழக்கம்போல வாசலுக்கு வந்தான். அவனுக்கு முன்னால் அவன் மகள் வந்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, காதை மூடித் துணி கட்டியிருந்தாள், தோளில் குழந்தை. குடத்துக்கும் அவனுக்கும் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒதைக்கணும்னா என்ன ஒதை நைனா."

அவன் கால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்தது. அது அப்படியே நின்றது. அந்த ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. எங்கள் தெரு மொத்தமும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு காலைக் கீழே வைத்தான். குனிந்து குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோனான். காலிக் குடத்தைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நசுங்கிப்போச்சு. வேற கொடம் தரட்டுமா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டான்.

"இது போதும் அண்ணா" என்றாள்.

அதற்கப்புறம் லைனில் அது வழக்கமாகிவிட்டது. தினமும் முதல் குடம் எங்கள் தெருவுக்கு வரும். குழந்தை வீட்டுக்கு ஒரு நாள், மிதிபட்ட கிழவி வீட்டுக்கு ஒரு நாள், நான் பல்லைத் தெறிக்கவிட்டவன் வீட்டுக்குக்கூட ஒரு நாள். ஒரு லோடில் தெருவுக்கு ஒரு குடம் போனதால் லைனில் யாருக்கும் குறையவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். எனக்குக் கணக்கு வராது. ஐப்பசியில் மழை பிடிக்கிற வரைக்கும் என் போர் அந்த ஒரு லோடைத் தவறாமல் கொடுத்தது. அதைக் கொடுத்தவர் கர்த்தர். கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்.

இப்போது போரில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஓட்டல்காரர்கள் திரும்பி வந்தார்கள். முதல் லோடு இன்றைக்கும் லைனுக்குத்தான். என் கை ஏறாததால் டேங்கர் மேல் ஏறி மூடியைத் திறப்பதும் ஹோஸைப் பிடிப்பதும் மச்சான்தான். ஆட்டோவை எடுப்பதற்கு முன்னால் வந்து செய்துவிட்டுப் போகிறான். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. சபையில் இன்னும் எல்லோருக்கும் மேலே கத்திப் பாடுகிறான்.

அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. தோலில் ஒரு தழும்பு இல்லை. காலையில் தொட்டி ஓரத்தில் என் பக்கத்தில் உட்கார வைத்தால், பிளாஸ்டிக் மக்கை எடுத்து நேராக என் இடது தோளிலேயே ஓங்கி அடிக்கும்.

"அடிடி என் தங்கம்" என்பேன். "உங்க தாத்தன் அடிச்சதே தாங்கினவன்டி நான்."

மேலே டேங்கரில் நின்றுகொண்டு மச்சான் ஹோஸைத் திருப்பி என் தலையில் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுவான். அது முதல் லோடுத் தண்ணீர், வீணாக்காதே என்று நான் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். ஒரிசா பாஷையில்.